திரை ஏன் வெள்ளையாகவே நிற்கிறது? மைக்ரோகன்ட்ரோலர் டிஸ்ப்ளேக்களின் பஸ் வகைகள்

வேலூர், காட்பாடி, ராணிப்பேட்டை பக்கத்துப் பொறியியல், பாலிடெக்னிக் மாணவர்களிடம் இறுதியாண்டு புராஜெக்ட் காலத்தில் திரும்பத் திரும்ப வரும் புகார் ஒன்று உண்டு. ஆன்லைனிலோ, ரயிலேறிப் போய் சென்னை ரிச்சி தெருவிலோ 2.4 அங்குல டிஎஃப்டி திரை ஒன்றை வாங்கி வருவார்கள். நண்பனிடம் ஓடிக்கொண்டிருக்கும் அதே புரோகிராமை ஏற்றுவார்கள். திரை பளிச்சென்று வெள்ளையாக எரியும், ஒரு புள்ளிகூட வராது. இரண்டு திரையிலும் இருப்பது ஐஎல்ஐ9341 என்ற ஒரே சிப்தான். அளவும் ஒன்று, நிறமும் ஒன்று. ஆனால் ஒன்றில் 14 பின்கள் ஒரே வரிசையில் இருக்கும். மற்றொன்று ஆர்டுயினோ ஊனோ என்ற மைக்ரோகன்ட்ரோலர் போர்டின் தலைமேல் அப்படியே உட்காரும் ஷீல்டு.

திரை பெரும்பாலும் பழுதாகியிருக்காது. தரவு எந்தப் பஸ் (சிப்புகள் பேசிக்கொள்ளும் கம்பிகளும் அவற்றின் விதியும்) வழியாக வரும் என்று அந்தச் சிப்புக்குப் போர்டிலேயே சொல்லி வைத்திருக்கிறார்கள். புரோகிராம் வேறொரு பஸ்ஸில் பேசிக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். ‘8080 பேரலல்’, ‘6800 மோடு’, ‘4 வயர் எஸ்பிஐ’ என்று விற்பனைப் பக்கங்களில் வரும் பெயர்களையெல்லாம் ஒரே கேள்வியை வைத்துப் பிரித்துவிடலாம்: கம்பியில் இருக்கும் தரவை ‘இப்போது எடுத்துக்கொள்’ என்று திரைக்கு யார், எப்படிச் சொல்கிறார்கள்?

## கண்ணாடிக்குப் பின்னால் இருப்பது

திரை என்று நாம் சொல்வது இரண்டு பொருள்கள் சேர்ந்தது. ஒன்று, கண்ணாடிப் பலகை. மற்றொன்று, அதன் விளிம்பில் ஒட்டியிருக்கும் டிஸ்ப்ளே கன்ட்ரோலர் சிப். நமது மைக்ரோகன்ட்ரோலர் பேசுவது அந்தச் சிப்போடு மட்டுமே.

சிறிய திரைகளின் கன்ட்ரோலருக்குள் படத்தைச் சேமித்து வைக்கும் நினைவகமும் இருக்கும். ஐஎல்ஐ9341-இன் திரைக்கு 240 × 320 புள்ளிகள், புள்ளிக்கு 2 பைட், மொத்தம் 1,53,600 பைட். ஊனோவில் இருக்கும் ஏடிமெகா328பி சிப்பின் ரேம் 2 கிலோபைட்தான். படத்தைத் திரை தானே வைத்துக்கொள்வதால்தான் இவ்வளவு சின்னச் சிப்பாலும் இவ்வளவு பெரிய படத்தைக் காட்ட முடிகிறது. மாற வேண்டிய இடத்தை மட்டும் அனுப்பினால் போதும்.

அனுப்பும் பைட்டுகள் இரண்டு வகை. ‘இந்தக் கட்டத்தில் எழுதப் போகிறேன்’ என்பது போன்ற கட்டளை ஒன்று, அதன் பின்னால் வரும் தரவு மற்றொன்று. எது எதுவென்று காட்ட ஒரு தனிக் கம்பி உண்டு. போர்டைப் பொறுத்து அதன் பெயர் ஆர்எஸ் என்றோ, டி/சி என்றோ, ஏ0 என்றோ இருக்கும். மூன்றும் ஒன்றே. ‘உன்னோடுதான் பேசுகிறேன்’ என்று திரையைத் தேர்ந்தெடுக்கும் கம்பிக்கு சிஎஸ் என்று பெயர். இந்த இரண்டும் ஐ2சி (இரண்டே கம்பிகளில் ஓடும் பஸ், பின்னால் பார்ப்போம்) தவிர மற்றச் சின்னத் திரைகள் பெரும்பாலானவற்றில் ஏதோ ஒரு வடிவில் வரும், அதனால் குழப்பம் இங்கே இல்லை.

## 1974-இல் வந்த இரண்டு வழிகள்

இன்டெல் 8080, மோட்டோரோலா 6800 ஆகிய இரண்டு மைக்ரோபிராசசர்களும் 1974-இல் வெளிவந்தன. நினைவகத்தோடும் மற்றச் சிப்புகளோடும் பேச இரண்டும் இரண்டு வேறு ஏற்பாடுகளைப் பழக்கத்துக்குக் கொண்டு வந்தன. பிராசசர்கள் போய்விட்டன, ஏற்பாடுகள் மட்டும் டிஸ்ப்ளே உலகத்தில் தங்கிவிட்டன.

1. இன்டெல் வழி. எழுதுவதற்கு டபிள்யூஆர், படிப்பதற்கு ஆர்டி என்று இரண்டு தனிக் கம்பிகள். சும்மா இருக்கும்போது இரண்டும் மேலே, அதாவது 1-இல் நிற்கும். எழுத வேண்டுமானால் தரவுக் கம்பிகளில் பைட்டை வைத்து, டபிள்யூஆரைக் கீழே இறக்கி மறுபடி மேலே ஏற்ற வேண்டும். ஏறும் அந்த நொடியில் திரை பைட்டை எடுத்துக்கொள்ளும்.

2. மோட்டோரோலா வழி. திசையைக் காட்ட ஆர்/டபிள்யூ என்று ஒரே கம்பி. அது 0 என்றால் எழுதுதல், 1 என்றால் படித்தல். நேரத்தைக் குறிக்க ஈ என்று இன்னொரு கம்பி. சும்மா இருக்கும்போது ஈ கீழே நிற்கும். அதை மேலே ஏற்றிக் கீழே இறக்கினால், இறங்கும் நொடியில் திரை பைட்டை எடுத்துக்கொள்ளும்.

வாசலில் ‘உள்ளே’, ‘வெளியே’ என்று இரண்டு தனி மணிகள் வைத்த வீடு முதல் வகை. ஒரு பலகையைத் திருப்பி வைத்துவிட்டு எல்லாவற்றுக்கும் ஒரே மணியை அடிக்கும் வீடு இரண்டாவது. இரண்டு வீட்டுக்கும் கம்பிகளின் எண்ணிக்கை ஒன்றுதான். வெளியிலிருந்து எண்ணிப் பார்த்து எது எதுவென்று சொல்ல முடியாததற்கு அதுவே காரணம்.

வரலாற்றுச் சுத்தம் பார்ப்பவர்களுக்கு ஒரு தகவல்: 8080 சிப்பில் ஆர்டி என்ற பெயரில் பின்னே கிடையாது. படிக்கும் நேரத்தை டிபின் என்ற கம்பி காட்டியது. நினைவகத்துக்கும் மற்றக் கருவிகளுக்குமான படி, எழுது சைகைகளை 8228 என்ற துணைச் சிப்தான் பிரித்துக் கொடுத்தது. நம் ஆய்வகங்களில் இன்னும் சொல்லித்தரும் 8085-இல்தான் ஆர்டி, டபிள்யூஆர் என்று இரண்டும் சிப்பிலேயே தெளிவாக வந்தன. பெயர் மட்டும் 8080 என்றே நிலைத்துவிட்டது.

மொபைல் துறைக்குத் தரம் வகுக்கும் மிப்பி கூட்டமைப்பு இவற்றுக்கே வேறு பெயர் வைத்திருக்கிறது. அதன் டிபிஐ தரத்தில் டைப் ஏ என்பது 6800 வழி, டைப் பி என்பது 8080 வழி, டைப் சி என்பது தொடர் வழி. சிப்பின் விவர ஆவணமான டேட்டா ஷீட்டில் இந்தப் பெயர்களைப் பார்த்தால் புதிதாக ஏதோ வந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம்.

## 16×2 திரை எந்த வகை?

எல்லாக் கல்லூரி ஆய்வகத்திலும் கிடக்கும் 16 எழுத்து, 2 வரிப் பச்சைத் திரையில் இருப்பது ஹிட்டாச்சியின் எச்டி44780 சிப் அல்லது அதன் நகல். அதன் பின்களைப் பாருங்கள்: ஆர்எஸ், ஆர்/டபிள்யூ, ஈ. அப்பட்டமான மோட்டோரோலா வழி.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. அதே ஆய்வகத்தில் அந்தத் திரையோடு இணைக்கப்படும் 8051, இன்டெல் குடும்பத்துச் சிப். அதன் போர்ட் 3-இல் ஆர்டி, டபிள்யூஆர் என்ற பின்கள் இருக்கின்றன. திரை அவற்றை நேரடியாக ஏற்காது. அதனால்தான் ரெக்கார்டு நோட்டில் எழுதும் புரோகிராமில் ஈ பின்னை 1 ஆக்கு, கொஞ்சம் காத்திரு, 0 ஆக்கு என்று கையால் ஆட்டுகிறோம். அந்த மூன்று வரிகள் ஏன் என்று பெரும்பாலான நோட்டுகளில் எழுதியிருக்காது. அது 6800 பஸ்ஸின் ஈ சைகையை மென்பொருளில் உருவாக்கும் வேலை. 5 வோல்ட்டில் ஈ குறைந்தது 230 நானோ வினாடி மேலே நிற்க வேண்டும் என்கிறது டேட்டா ஷீட். 8051-இன் வேகத்தில் அது தானாகவே கிடைத்துவிடும். வேகமான சிப்புகளில்தான் இதைக் கவனிக்க வேண்டும்.

ஆர்/டபிள்யூ பின்னைக் கிரவுண்டில் கட்டிவிடுவது வழக்கம். ‘எப்போதும் எழுதுதல் மட்டும்’ என்று அர்த்தம். ஒரு பின் மிச்சம். இழப்பும் உண்டு: திரை வேலையாக இருக்கிறதா என்று டி7 வழியாகப் படித்துப் பார்க்க முடியாது. அதனால் கண்ணை மூடிக்கொண்டு காத்திருக்க வேண்டும். சாதாரணக் கட்டளைக்குச் சுமார் 40 மைக்ரோ வினாடி, திரையை அழிக்கும் கட்டளைக்கு சுமார் 1.5 மில்லி வினாடி. 5 வோல்ட் திரையை 3.3 வோல்ட் சிப்போடு இணைக்கும்போது கிரவுண்டில் கட்டுவதுதான் புத்திசாலித்தனம். திரை ஒருபோதும் 5 வோல்ட்டைத் திருப்பி அனுப்பாது.

## ஒன்றுக்குப் பதில் மற்றொன்றை இணைக்கலாமா?

எழுத மட்டும்தான் போகிறோம் என்றால் இணைக்கலாம். இரண்டு வழிகளின் எழுதும் சைகைகளை அருகருகே வைத்துப் பார்த்தால், டபிள்யூஆரைத் தலைகீழாகத் திருப்பினால் ஈ கிடைக்கிறது. டபிள்யூஆர் ஏறும் நொடியும் ஈ இறங்கும் நொடியும் ஒன்றே.

1. 8080 பஸ் தரும் சிப்போடு 6800 திரையை இணைக்க: ஆர்/டபிள்யூ கிரவுண்டுக்கு, டபிள்யூஆர், சைகையைத் தலைகீழாக்கும் ஒரு நாட் கேட் வழியாக ஈ பின்னுக்கு.
2. 6800 பஸ் தரும் சிப்போடு 8080 திரையை இணைக்க: ஆர்டி பின்னை 3.3 வோல்ட்டுக்குக் கட்டி வைத்து, ஈ சைகையை நாட் கேட் வழியாக டபிள்யூஆருக்கு.
3. பின்களை மென்பொருளால் ஆட்டுகிறோம் என்றால் கேட்டே வேண்டாம். 1, 0 என்று எழுதிய வரிகளை மாற்றி எழுதினால் முடிந்தது.

ஒரு நிபந்தனை: நேரக் கணக்கு பொருந்த வேண்டும். எச்டி44780 மாதிரி நிதானமான திரையை வேகமான பஸ்ஸில் நேரடியாக மாட்டினால், கேட் இருந்தும் குப்பை எழுத்துகள்தான் வரும்.

இந்த இரண்டும் எவ்வளவு நெருங்கியவை என்பதற்கு எஸ்எஸ்டி1306 ஓஎல்இடி சிப் நல்ல சாட்சி. அதில் 6800-இன் ஈ பின்னும் 8080-இன் ஆர்டி பின்னும் ஒரே பின். ஆர்/டபிள்யூவும் டபிள்யூஆரும் ஒரே பின். எந்த வேடத்தில் இயங்க வேண்டும் என்பதை பிஎஸ்0, பிஎஸ்1, பிஎஸ்2 என்ற மூன்று பின்கள் தீர்மானிக்கின்றன. அதே மூன்று பின்களை மாற்றினால் எஸ்பிஐ, ஐ2சி வகைகளும் கிடைக்கும். ஐஎல்ஐ9341-இல் இதே வேலையை ஐஎம்0 முதல் ஐஎம்3 வரையான நான்கு பின்கள் செய்கின்றன. போர்டின் பின்பக்கத்தில் இருக்கும் மணல் துகள் அளவு ரெசிஸ்டர்கள் சில, இந்தப் பின்களை மேலேயோ கீழேயோ கட்டுவதற்காகத்தான் அங்கே இருக்கின்றன.

## தொடர் பஸ்கள்: கம்பி குறைவு, நேரம் அதிகம்

எட்டுக் கம்பிகளில் ஒரே நேரத்தில் போகும் பைட்டை ஒரே கம்பியில் பிட் பிட்டாக அனுப்புவது தொடர் பஸ்.

எஸ்பிஐ மோட்டோரோலாவிடமிருந்து வந்தது. கடிகாரக் கம்பி ஒன்று, தரவுக் கம்பி ஒன்று, அப்புறம் சிஎஸ், டி/சி. கடிகாரம் ஏறும் ஒவ்வொரு முறையும் திரை ஒரு பிட்டை எடுத்துக்கொள்கிறது. ‘4 வயர்’ என்று விற்பவர்கள் சொல்வது இதைத்தான். ‘3 வயர்’ என்றால் டி/சி கம்பி இல்லை. அதற்குப் பதில் ஒவ்வொரு பைட்டுக்கும் முன்னால் ஒன்பதாவது பிட்டாக அந்தத் தகவல் வரும். ஏடிமெகா328பி எட்டு எட்டாக மட்டுமே அனுப்பும் என்பதால், அதற்கு 3 வயர் திரை தலைவலி. தவிர்ப்பது நல்லது.

ஐ2சி பிலிப்ஸ் நிறுவனம் 1982-இல் கொண்டு வந்தது. எஸ்டிஏ, எஸ்சிஎல் என்ற இரண்டே கம்பிகள். சிஎஸ் கிடையாது, ஒவ்வொரு கருவிக்கும் ஒரு முகவரி எண். எஸ்எஸ்டி1306-க்கு 0எக்ஸ்3சி அல்லது 0எக்ஸ்3டி. 16×2 திரையின் முதுகில் ஒட்டி வரும் பிசிஎஃப்8574 போர்டுக்குப் பெரும்பாலும் 0எக்ஸ்27, அதன் ‘ஏ’ ரகத்துக்கு 0எக்ஸ்3எஃப். முகவரி மாறிப்போனாலும் வெளிச்சம் வரும், எழுத்து வராது.

அந்தப் பிசிஎஃப்8574 போர்டு உள்ளே என்ன செய்கிறது? ஐ2சியில் வரும் பைட்டை எட்டுப் பின்களில் வெளியே வைக்கிறது, அவ்வளவே. அந்தப் பின்களில் ஒன்று ஈ. அதையும் நம் புரோகிராமின் லைப்ரரிதான் ஏற்றி இறக்குகிறது. ஐ2சி திரை என்று வாங்கினாலும் அடியில் ஓடுவது அதே 6800 பஸ்தான்.

## வேகக் கணக்கு

ஒரு முழுத் திரையை நிரப்ப ஆகும் நேரத்தைக் கணக்கிட்டால் எதை வாங்குவது என்பது பாதி தெளிவாகிவிடும்.

1. எஸ்எஸ்டி1306, 128 × 64 புள்ளிகள், 1,024 பைட். ஐ2சியில் பைட்டுக்கு 9 துடிப்புகள். 400 கிலோஹெர்ட்ஸில் 23 மில்லி வினாடி. 100 கிலோஹெர்ட்ஸில் 92 மில்லி வினாடி. எண்களைக் காட்ட இது தாராளம்.
2. ஐஎல்ஐ9341 எஸ்பிஐயில், ஊனோவின் அதிகபட்சமான 8 மெகாஹெர்ட்ஸில்: 12,28,800 பிட்டுகளுக்கு 154 மில்லி வினாடி. வினாடிக்கு ஆறு படம். திரை மேலிருந்து கீழே வழிவது கண்ணுக்குத் தெரியும்.
3. அதே திரை 40 மெகாஹெர்ட்ஸில்: 31 மில்லி வினாடி. ஈஎஸ்பி32 என்ற வேகமான மைக்ரோகன்ட்ரோலர் வைத்திருப்பவர்கள் சாதாரணமாக இப்படித்தான் ஓட்டுகிறார்கள். டேட்டா ஷீட் அனுமதிப்பதோ எழுதுவதற்கு 10 மெகாஹெர்ட்ஸ் மட்டுமே. புராஜெக்ட் டெமோவுக்குச் சரி, விற்கப் போகும் கருவியில் இதை நம்புவது சரியல்ல.
4. அதே திரை 8 பிட் 8080 பஸ்ஸில், டேட்டா ஷீட் சொல்லும் 66 நானோ வினாடி வீதம்: 10 மில்லி வினாடி.

நாலாவது கணக்கைப் பார்த்து ஊனோ ஷீல்டு வாங்குபவர்கள் ஏமாறுவது இங்கேதான். 10 மில்லி வினாடி என்பது பஸ்ஸின் எல்லை, ஊனோவின் எல்லை அல்ல. ஒரு பின்னை 1 அல்லது 0 ஆக்கும் டிஜிட்டல்ரைட் கட்டளை ஒன்றுக்கு ஊனோவில் 3 முதல் 5 மைக்ரோ வினாடி ஆகும். 4 என்று வைத்துக்கொள்வோம். ஒரு பைட்டுக்குத் தரவுப் பின்கள் எட்டு, டபிள்யூஆரை இறக்கி ஏற்ற இரண்டு, ஆகப் பத்துக் கட்டளைகள். 40 மைக்ரோ வினாடி. ஒரு முழுத் திரைக்கு 6 வினாடிக்கு மேல்! எஸ்பிஐயைவிடப் பல மடங்கு மந்தம். பல பின்களை ஒரே நேரத்தில் மாற்றும் போர்ட் ரெஜிஸ்டரில் நேரடியாக எழுதும் லைப்ரரிதான் இதைக் காப்பாற்றும். அப்போதும், ஷீல்டின் தரவுப் பின்கள் ஊனோவின் இரண்டு போர்ட்டுகளில் சிதறிக் கிடப்பதால் ஒரு பைட்டை இரண்டாக வெட்டித்தான் எழுத வேண்டியிருக்கிறது.

பேரலல் பஸ்ஸின் முழுப் பலன் வேண்டுமானால் அதற்கென்றே வன்பொருள் உள்ள சிப் வேண்டும். எஸ்டிஎம்32 வகை மைக்ரோகன்ட்ரோலர்கள் சிலவற்றில் இருக்கும் எஃப்எஸ்எம்சி என்ற பகுதி, திரையை வெளி நினைவகம் போலவே நடத்துகிறது. ஆர்எஸ் கம்பியை ஒரு முகவரிக் கம்பியோடு இணைத்துவிட்டால், ஒரு முகவரியில் எழுதினால் கட்டளை, இன்னொன்றில் எழுதினால் தரவு. டபிள்யூஆர் தானாக ஆடும். ஈஎஸ்பி32-எஸ்3-இல் இதற்கென்றே ஒரு எல்சிடி பகுதி உண்டு. ராஸ்பெர்ரி பை பிக்கோவில் பிஐஓ என்ற பகுதியை இதற்குப் பழக்கலாம்.

## நினைவகமே இல்லாத திரைகள்

5 அங்குலம், 7 அங்குலம் என்று போனால் கணக்கே மாறிவிடும். 40 பின் பட்டை கேபிளோடு வரும் 800 × 480 ஆர்ஜிபி திரைகளில் பெரும்பாலானவற்றுக்குள் பட நினைவகம் இல்லை. வினாடிக்கு 60 முறை முழுப் படத்தையும் நாமே ஓயாமல் ஊட்ட வேண்டும். ஒரு படம் 7,68,000 பைட். ஈஎஸ்பி32-எஸ்3-இன் உள் ரேமே 512 கிலோபைட் என்பதால் வெளி பிஎஸ்ரேம் உள்ள போர்டுதான் தாங்கும். ஊனோவால் ஆகவே ஆகாது. மிப்பி டிஎஸ்ஐ என்ற மெல்லிய கேபிள் திரைகள் போன்களுக்கும் ராஸ்பெர்ரி பை வகைக் கணினிகளுக்கும் உரியவை. விலை மலிவாக இருக்கிறதே என்று பழைய போன் திரையைக் கழற்றி ஊனோவில் மாட்டும் ஆசையை விட்டுவிடலாம்.

## டேனரிக்குள் திரை வைக்கும்போது

பழைய வடஆற்காட்டுப் பகுதியில் இந்தக் கேள்வி ஆய்வகத்தோடு நிற்பதில்லை. ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி டேனரிகளில் தோல் பதனிடும் டிரம்முக்குள் இருக்கும் நீரின் வெப்பநிலையும் பிஎச் அளவும் வெளியே தெரிய வேண்டும் என்பது இங்கே இயல்பான புராஜெக்ட் தலைப்பு. அங்கே இரண்டு விஷயங்கள் பஸ்ஸைத் தீர்மானிக்கின்றன.

முதலாவது தூரம். சென்சார் டிரம்மின் அருகில், திரை சுவரோரமாக. நடுவில் சில மீட்டர் வயர், பக்கத்தில் மோட்டாரும் அதன் வேகத்தைக் கட்டுப்படுத்தும் டிரைவும். ஐ2சி ஒரே போர்டுக்குள் பேசிக்கொள்ள உருவானது. பஸ்ஸின் மொத்தக் கெப்பாசிட்டன்ஸ் 400 பிகோஃபாரட்டைத் தாண்டக்கூடாது என்பது அதன் விதி. நீண்ட வயர் அதைச் சுலபமாகத் தின்றுவிடும். மேஜையில் ஒரு வாரம் ஓடிய கருவி, டிரம் சுற்ற ஆரம்பித்ததும் உறைந்து நிற்பதன் வழக்கமான காரணம் இது. வேகமான எஸ்பிஐயும் பேரலல் பஸ்ஸும் நீண்ட வயருக்கு இன்னும் மோசம். திரையின் அருகிலேயே ஒரு சின்ன மைக்ரோகன்ட்ரோலரை வைத்து, எண்களை மட்டும் ஆர்எஸ்-485 வழியாக அனுப்புவதுதான் உருப்படியான வழி. 1,200 மீட்டர் வரை போகும் தரம் அது.

இரண்டாவது மொழி. வேலை செய்பவர்கள் தமிழில் படிக்க வேண்டும் என்றால் 16×2 திரை உதவாது. நாமே வரைந்து ஏற்றும் எழுத்துகளுக்கு எச்டி44780 கொடுக்கும் இடம் எட்டே எட்டு, ஒவ்வொன்றும் 5 × 8 புள்ளி. அந்த அகலத்தில் ‘ண’ கூட உருப்படியாக வராது. 128 × 64 புள்ளித் திரை குறைந்தபட்சம் வேண்டும். கொம்பும் காலும் எழுத்துக்கு முன்னும் பின்னும் வருவதைச் சின்னச் சிப்பில் கோத்துக்கொண்டிருப்பதைவிட, ‘வெப்பநிலை’, ‘அமிலத்தன்மை’ போன்ற சொற்களை முழுப் படமாகவே சேமித்துவிடலாம். 128 × 16 புள்ளிப் பட்டை ஒன்றுக்கு 256 பைட்தான். ஊனோவின் 32 கிலோபைட் ஃபிளாஷில் இருபது முப்பது சொற்கள் வசதியாக உட்காரும். எண்கள் மட்டும் மாறும் என்பதால் எஸ்பிஐ தாராளமாகப் போதும், பேரலல் தேவையே இல்லை.

## வாங்குவதற்கு முன், இணைப்பதற்கு முன்

1. சிப்பின் பெயரை மட்டும் பார்த்து வாங்காதீர்கள். பின்களின் பெயர்களைப் படியுங்கள். எஸ்சிகே, எஸ்டிஐ என்றால் எஸ்பிஐ. எஸ்டிஏ, எஸ்சிஎல் மட்டும் என்றால் ஐ2சி. டபிள்யூஆரும் ஆர்டியும் என்றால் 8080. ஈயும் ஆர்/டபிள்யூவும் என்றால் 6800. ஒரு விதிவிலக்கு: சில எஸ்பிஐ போர்டுகளிலும் எஸ்டிஏ, எஸ்சிஎல் என்றே அச்சிட்டிருப்பார்கள். கூடவே சிஎஸ், டிசி பின்கள் இருந்தால் அது எஸ்பிஐதான்.
2. 128 × 64 பச்சை, நீலத் திரைகளில் உள்ள கேஎஸ்0108 சிப் 6800 வழி. டி6963சி சிப் உள்ளவை 8080 வழி. பின் வரிசை ஒன்றுபோலத் தெரிந்தாலும் லைப்ரரி வேறு.
3. டிஎஃப்டி முழு வெள்ளையாக நின்றால், பேக்லைட் எரிகிறது, தொடக்கக் கட்டளைகள் சிப்பைச் சேரவில்லை. 16×2 திரையில் மேல் வரி மட்டும் கறுப்புக் கட்டங்களாக நின்றாலும் அதே கதை. டிஎஃப்டியில் பஸ் வகை, சிஎஸ், ரீசெட் மூன்றையும் பாருங்கள்; 16×2-இல் ஆர்எஸ், ஈ, தரவுக் கம்பிகளை. எழுத்துகள் வந்து குப்பையாக இருந்தால் பெரும்பாலும் பஸ் சரி, நேரம்தான் தவறு.
4. கடைசியாக வோல்ட்டேஜ். ஐஎல்ஐ9341 3.3 வோல்ட் சிப். ஊனோ ஷீல்டுகளில் வழக்கமாக 5 வோல்ட்டைக் குறைக்கும் பஃபர் சிப் சேர்ந்தே வரும். 14 பின் எஸ்பிஐ போர்டுகளில் சப்ளைக்கு மட்டும் ரெகுலேட்டர் இருக்கும், சைகைக் கம்பிகளுக்கு எதுவும் இருக்காது. விசிசியில் 5 வோல்ட் என்று அச்சிட்டிருப்பதை நம்பி ஊனோவின் பின்களை நேரடியாக மாட்டாமல், நடுவில் 5 வோல்ட் சைகையை 3.3 வோல்ட்டாக மாற்றும் ஒரு லெவல் ஷிஃப்டர் வையுங்கள்.